குருதிக் கொழுப்பும் கனிப் பெயர்களும்: வலியசாலையை முன்வைத்து ஒரு சொல் வரலாறு

1. முன்னுரை

திருவனந்தபுரம் நகரின் கோட்டைக்குக் கிழக்கே, கிள்ளியாற்றை ஒட்டி அமைந்த பகுதி வலியசாலை ஆகும். தமிழ் பேசும் குடும்பங்கள் பல தலைமுறைகளாக வாழ்ந்து வரும் இப்பகுதியின் பெயரே மொழிபெயர்ப்பாளருக்கு ஒரு பாடமாக அமைகிறது. இன்றைய தமிழ் வழக்கை மட்டும் அறிந்தவர் இதனை 'வலிமையான பாதை' என்று பொருள் கொள்ளக்கூடும். மலையாளத்தில் 'வலிய' என்பது 'பெரிய' என்னும் பொருளுடையது. 'சாலை' என்பதும் இங்குப் பாதையைக் குறிப்பதன்று. உண்டியும் உறையுளும் கல்வியும் அளித்த அறக்கூடத்தைக் குறிப்பது. ஆகவே இரண்டு உறுப்புகளைக் கொண்ட இப்பெயரில் இரண்டுமே தோற்றத்தால் ஒத்துப் பொருளால் வேறுபடும் சொற்களாக உள்ளன.

இத்தகைய சொற்கள் ஊர்ப்பெயரில் வரும்போது பெரிய தீங்கு விளைவதில்லை. உணவு, மருந்து ஆகியவற்றின் பெயர்களில் வரும்போது நிலை வேறாகிறது. குருதியிலுள்ள கொழுப்பைக் குறைக்கவும் இதயத்தைப் பேணவும் உதவும் எனக் கருதப்படும் கனிகளின் பெயர்கள் தமிழுக்கும் மலையாளத்துக்கும் இடையிலும், வடமொழிக்கும் ஆங்கிலத்துக்கும் இடையிலும் எவ்வாறு இடம்பெயர்ந்தன, அப்பெயர்ச்சியில் பொருள் எங்கே நழுவியது என்பவற்றை இக்கட்டுரை ஆராய முற்படுகிறது.

2. சாலையும் கலமும்

வலியசாலையில் உள்ள சிவன் கோயில் காந்தளூர் மகாதேவர் கோயில் என வழங்குகிறது. இப்பெயரைக் கொண்டும் பிற சான்றுகளைக் கொண்டும் பண்டைய காந்தளூர்ச் சாலை இங்கிருந்தது என்று ஆய்வாளர் பலர் கருதுவர். ஆய் மன்னன் கருநந்தடக்கன் கி.பி. 866ஆம் ஆண்டில் பார்த்திவசேகரபுரத்தில் நிறுவிய சாலை பற்றிய செப்பேடு, காந்தளூரின் நடைமுறையையே முன்மாதிரியாகக் கொள்கிறது. அச்சாலையில் 95 சட்டர்களுக்கு இடம் ஒதுக்கப்பட்டிருந்தது. பார்த்திவசேகரபுரம் இன்றைய கன்னியாகுமரி மாவட்டத்தில் உள்ளது.

முதலாம் இராசராசனின் மெய்க்கீர்த்தி, அவன் காந்தளூர்ச் சாலையில் 'கலம்' அறுத்ததாகக் கூறுவது வரலாற்றறிஞர் நன்கறிந்த செய்தி. கலம் என்பதை மரக்கலம் எனக் கொண்டு, சேரர் கப்பற்படையை அழித்த செயலாக இதனை விளக்கியவர்கள் உண்டு. சாலை உணவளிக்கும் இடமாதலால் கலம் என்பது உண்கலத்தையே குறிக்கும் என்றும், இங்குப் பேசப்படுவது போர்ச்செயல் அன்று என்றும் கொண்டவர்களும் உண்டு. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை காந்தளூர்ச் சாலை பற்றிய தம் ஆய்வில் இரண்டாவது வழியில் சென்றார். ஒரு சொல்லைக் கடலில் வைத்துப் பார்ப்பதா, பந்தியில் வைத்துப் பார்ப்பதா என்பதே இங்கு எழுந்த வினா. விடை மாறினால் வரலாறே மாறுகிறது.

இவ்விவாதத்தைத் தீர்ப்பது இக்கட்டுரையின் நோக்கமன்று. உண்ணுதல் சார்ந்த சொல் ஒன்று, அது வழங்கிய சூழலிலிருந்து பிரிக்கப்பட்டால் முற்றிலும் வேறான பொருளை ஏற்கும் என்பதற்கு இவ்வூரிலேயே பழைய சான்று உண்டு என்பது மட்டும் இங்கு நோக்கத்தக்கது.

3. காய், கனி, பழம்

தொல்காப்பிய மரபியல் புறத்தே வயிரமுடையதைப் புல் என்றும் அகத்தே வயிரமுடையதை மரம் என்றும் வகுக்கிறது. உறுப்புப் பெயர்களைத் தனித்தனியே கூறிய பின்னர், காய், பழம் ஆகியவற்றை இரண்டுக்கும் பொதுவாக வைக்கிறது. முதிர்ச்சியின் படிநிலையைப் பெயரிலேயே காட்டும் இப்பாகுபாடு தமிழில் இன்றும் உயிருடன் உள்ளது. மாங்காய் வேறு, மாம்பழம் வேறு. இரண்டின் பயனும் சுவையும் வேறு.

வடமொழியின் 'பல' என்னும் சொல்லில் இவ்வேறுபாடு இல்லை. 'திரிபலா' என்னும் மருந்துத் தொகையைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தால் 'மூன்று பழம்' என்றாகும். ஆனால் தமிழர் வழக்கில் அதன் உறுப்புகள் கடுக்காய், நெல்லிக்காய், தான்றிக்காய் எனக் காய்ப்பெயர்களாகவே நிற்கின்றன. முற்றிய பின்னும் நெல்லி குழைந்து இனிப்பதில்லை. ஆதலின் பேச்சு வழக்கு அதனைக் காய் என்கிறது. அதியமான் ஔவைக்கு ஈந்த நெல்லியைப் பாடும் புறநானூற்று 91ஆம் பாடலோ 'கனி' என்னும் சொல்லை ஆள்கிறது. பொருள் ஒன்றே, கொடையின் சிறப்பைப் பாடும் செய்யுள் ஒரு சொல்லையும், உப்பிலிட்டு உண்ணும் வழக்கு மற்றொரு சொல்லையும் தேர்ந்துள்ளன.

ஆங்கிலத்தின் 'பெர்ரி' என்பதற்கு நேரான பொதுச்சொல் பழந்தமிழில் இல்லை. தாவரவியலில் அது, ஒரே சூலகத்திலிருந்து தோன்றி உள்ளோடு இன்றிச் சதைப்பற்றுடன் விளங்கும் கனியைக் குறிக்கும். அவ்வரையறைப்படி சுண்டைக்காயும் தக்காளியும் திராட்சையும் பெர்ரிகள். உள்ளே கடினமான கொட்டையுடைய நெல்லி அவ்வகையில் சேராது. ஆங்கிலப் பொதுவழக்கோ சிறிய உருண்டைக் கனி எதனையும் அப்பெயரால் அழைத்துவிடும். நெல்லியை 'இந்திய கூஸ்பெர்ரி' என்றழைத்தது இதன் விளைவே. உண்மையான கூஸ்பெர்ரி குளிர்நாட்டுச் செடியில் காய்ப்பது. நெல்லியோடு குடும்ப உறவு இல்லாதது.

அண்மைக் காலத்தில் இப்பெயர்ப்பு எதிர்த்திசையில் திரும்பியுள்ளது. 'புளூபெர்ரி' அவுரிநெல்லி என்றும் 'கிரான்பெர்ரி' குருதிநெல்லி என்றும் தமிழில் ஆக்கப்பட்டுள்ளன. இங்கு நெல்லி என்பது ஓர் இனப்பெயராக விரிந்து, பெர்ரி என்னும் பொருளை ஏற்கத் தொடங்கியுள்ளது. கலைச்சொல்லாக்க நோக்கில் இது பாராட்டத்தக்க முயற்சியே. எனினும் உணவுக் குறிப்பொன்றில் 'அவுரிநெல்லி' என்று படிக்கும் ஒருவர், நாட்டு மருந்துக் கடையில் அவுரியையும் நெல்லியையும் தனித்தனியே கேட்டு வாங்க வாய்ப்புண்டு. இரண்டும் அங்கே கிடைப்பவை. கீழாநெல்லி, அரநெல்லி ஆகியவை நெல்லியோடு உண்மையான இனவுறவு உடையவை. புதிய கூட்டுச்சொற்கள் அவற்றின் வாய்பாட்டிலேயே அமைந்துவிட்டமையால், உறவு இல்லாத இடத்திலும் உறவு இருப்பதாக வாசகர் கருத நேர்கிறது.

4. ஒலி மாற்றமும் மருந்துப் பெயரும்

வலியசாலையை அடுத்த சாலைக் கடைத்தெரு, திவான் இராசா கேசவதாசரால் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் வணிகத் தலமாக உருவாக்கப்பட்டது. தமிழ் வணிகரும் மலையாள நுகர்வோரும் இங்குத் தொடர்ந்து கலந்து பழகி வந்தனர். இத்தெருவின் வாழ்வையும் கலப்பு வழக்கையும் ஆ. மாதவன் (1934–2021) தம் 'கடைத்தெருக் கதைகள்' வழி இலக்கியமாக்கினார். தமிழர் 'நாட்டு மருந்து' என்பதை மலையாளிகள் 'அங்ஙாடி மருந்நு' என்பர். முன்னது மருந்தின் மரபைச் சுட்டுகிறது. பின்னது அது கிடைக்கும் இடத்தைச் சுட்டுகிறது.

கனிப் பெயர்களில் இரு மொழிகளுக்கும் இடையிலான வேறுபாடுகள் பெரும்பாலும் ஒழுங்கான ஒலி மாற்றங்களாக உள்ளன. அவற்றுள் மூன்றைச் சுட்டலாம்.

முதலாவது, 'காய்' என்னும் இறுதி உறுப்பு மலையாளத்தில் குறுகி விகுதி போலாகிவிட்டது. நெல்லிக்காய் 'நெல்லிக்க' என்றும், மாங்காய் 'மாங்ங' என்றும், தேங்காய் 'தேங்ங' என்றும், சுண்டைக்காய் 'சுண்டங்ங' என்றும் வழங்கும். மெல்லினத்தை அடுத்து வந்த ககரம் மெல்லினமாகவே இயைந்துவிட்டதைப் பின் மூன்று சொற்களிலும் காண்கிறோம்.

இரண்டாவது, தமிழின் 'ன்ற' மலையாளத்தில் 'ன்ன' ஆகிறது. ஒன்று, கன்று ஆகியவற்றைப் போலவே தான்றியும் 'தான்னி' ஆகிறது.

மூன்றாவது, மொழி முதல் ஞகரத்தை மலையாளம் பல இடங்களில் காத்துள்ளது. தமிழில் அது நகரமாகியது. நண்டு 'ஞண்டு' எனவும் நாற்று 'ஞாறு' எனவும் வருவது போல நாவல் 'ஞாவல்' என வரும்.

இவ்வொழுங்குகளை அறிந்த மொழிபெயர்ப்பாளர் பெரும்பாலான பெயர்களைத் தயக்கமின்றி மாற்றிவிட முடியும். இடர் நேர்வது ஒலி ஒத்துப் பொருள் பிரிந்த இடங்களில்தான். 'கடுக்க' என்பது மலையாள மருத்துவ நூல்களில் கடுக்காயைக் குறிக்கும். வடகேரளத்தின் மீன் சந்தையிலோ அதே சொல் கடலில் கிடைக்கும் ஒருவகைச் சிப்பியைக் குறிக்கும். உணவுப் பட்டியலில் அச்சொல் வந்தால், எழுதியவர் எந்தப் பகுதியினர் என்பதை அறியாமல் பொருள் கொள்ள இயலாது.

இப்பெயர்களுக்கு 17ஆம் நூற்றாண்டுச் சான்றும் உண்டு. கொச்சியில் டச்சு ஆளுநராக இருந்த வான் ரீடின் 'ஹோர்த்தூஸ் மலபாரிக்குஸ்' 1678 முதல் 1693 வரை ஆம்ஸ்டர்டாமில் 12 தொகுதிகளாக வெளிவந்தது. இட்டி அச்சுதன் என்னும் வைத்தியர் மலையாளத்தில் கூறியவை போர்த்துகேய மொழிக்கு மாறி, இறுதியில் இலத்தீனில் அச்சேறின. அந்நூலில் நெல்லி 'நிலிக்காமரம்' என்னும் வடிவில் பதிவாகியுள்ளது. இத்தனை மொழிகளைக் கடந்தும் பெயர் சிதையாமல் நின்றமைக்குக் காரணம், தொகுத்தவர்கள் பெயரை மொழிபெயர்க்காமல் ஒலிபெயர்த்து, படத்தையும் உடன் வைத்தமையே. கா.சு. மணிலாலின் ஆங்கில மொழிபெயர்ப்பு 2003ஆம் ஆண்டிலும் மலையாள மொழிபெயர்ப்பு 2008ஆம் ஆண்டிலும் கேரளப் பல்கலைக்கழகத்தால் வெளியிடப்பட்டன.

5. கொழுப்பு: உடற்றாதுவிலிருந்து குருதிக்கு

கனியின் பெயரை விடவும் சிக்கலானது நோயின் பெயர். சித்த மருத்துவம் உடற்றாதுக்களை ஏழாக வகுக்கும். சாரம், செந்நீர், ஊன், கொழுப்பு, என்பு, மூளை, சுக்கிலம் என்பன அவை. இவ்வரிசையில் செந்நீர் இரண்டாவது, கொழுப்பு நான்காவது. ஒன்றிலிருந்து அடுத்தது முறையே உருவாகும் என்பது கொள்கை. ஆகவே 'குருதியில் உள்ள கொழுப்பு' என்னும் தொடர் பழைய வகைப்பாட்டில் இரண்டு தனித் தாதுக்களை ஒன்றனுள் ஒன்றாக வைப்பதாகும். இன்று எளிதாகத் தோன்றும் இத்தொடர் ஒரு புதிய கருத்தின் வரவைக் குறிக்கிறது.

சொல்லின் வரலாறும் இதனோடு இயைகிறது. சங்க இலக்கியத்தில் நிணம், விழுக்கு ஆகிய சொற்கள் இறைச்சியின் கொழுப்பைக் குறித்தன. விருந்தின் செழுமையைக் காட்டும் இடங்களில் அவை மகிழ்வோடு ஆளப்பட்டன. கொழுப்பு என்பது 'கொழு' என்னும் வினையடியாகப் பிறந்து செழித்தலை உணர்த்தியது. அச்சொல் பின்னர்த் தமிழிலும் மலையாளத்திலும் செருக்கைக் குறிக்கும் வழக்காகவும் மாறியது. வளமையைக் குறித்த சொல், 20ஆம் நூற்றாண்டின் மருத்துவ வழக்கில் அஞ்சத்தக்க பொருளின் பெயராயிற்று.

ஐரோப்பிய மொழிகளிலும் இக்கருத்து மெதுவாகவே உருவானது. பித்தப்பைக் கற்களிலிருந்து பெறப்பட்ட ஒரு பொருளுக்கு, பித்தம், திண்மை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொற்களை இணைத்து 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் செவ்ரேல் பெயரிட்டார். அதுவே கொலஸ்டிரால். பெயரின்படி அது பித்தத்துக்கு உரியது; குருதியோடு அதன் தொடர்பு பின்னரே முதன்மை பெற்றது. தமிழில் இதனை ஒலிபெயர்ப்பாகவே ஏற்றனர். 'லிப்பிட்' என்பதற்குத் தமிழகத்தில் கொழுப்பு, கொழுமியம் ஆகியனவும், ஈழத்துப் பாடநூல்களில் இலிப்பிட்டு என்பதும் வழங்குகின்றன. 1847இல் யாழ்ப்பாணம் வந்து மானிப்பாயில் மேலை மருத்துவத்தைத் தமிழில் கற்பித்த சாமுவேல் கிறீன் காலத்திலிருந்தே, தமிழ்ச்சொல்லா ஒலிபெயர்ப்பா என்னும் வினா தொடர்ந்து வருகிறது.

6. ஒரு சொல்லின் பொருள்கோளும் ஓர் ஆய்வும்

கொழுப்பு என்னும் தாதுவுக்கு வடமொழியில் 'மேதஸ்' என்று பெயர். சுசுருத சங்கிதை கூறும் 'மேதோரோகம்' என்பதனை உடற்பருமன் என்று பெயர்ப்பதே பொதுவழக்கு. காசி இந்துப் பல்கலைக்கழகத்தில் 1966இல் ஜி.வி. சத்தியவதி அளித்த ஆய்வேடு இப்பொருளை விரித்தது. மேதஸ் மிகுந்து உடலின் வழிகள் அடைபடும் என்னும் பழைய விளக்கத்தை, கொழுப்பு வளர்சிதை மாற்றக் கோளாறோடும் தமனித் தடிப்போடும் ஒப்பிட்டு, அந்நோய்க்குக் கூறப்பட்ட குக்குலு என்னும் பிசினை முயல்களில் சோதித்தார். ஒரு சொல்லுக்குப் புதிய பொருள்கோள் கண்டமையால் ஓர் ஆய்வுக்களமே திறந்தது. இலக்னோவின் மத்திய மருந்து ஆய்வு நிறுவனத்தின் முயற்சியால் 1980களின் பிற்பகுதியில் அது மருந்தாகவும் இந்தியச் சந்தைக்கு வந்தது.

எனினும் பொருள்கோள் சிறப்புடையது என்பதனால் மருந்தின் பயன் மெய்ப்பிக்கப்பட்டதாகாது. அமெரிக்காவில் 103 பேரிடம் 8 வாரம் நடந்த சோதனையின் முடிவுகள் 2003இல் வெளியாயின. குக்குலு உண்டவர்க்கு எல்.டி.எல். கொலஸ்டிரால் குறையவில்லை; சிறிது கூடியது. சொல்லுக்குக் கண்ட பொருளும் மருந்துக்குக் கண்ட பயனும் தனித்தனியே சோதிக்கப்பட வேண்டியவை என்பதை இது உணர்த்துகிறது.

மொழிபெயர்ப்பாளர் கருத்தில் கொள்ள வேண்டிய வேறொன்றும் இங்குண்டு. குக்குலு என்னும் வடசொல்லோடு தொடர்புடைய குங்கிலியம் என்பது தமிழ் மருந்து வழக்கில் பெரும்பாலும் வேறொரு மரத்தின் பிசினைக் குறிக்கும். சொற்பிறப்பு ஒன்றாயினும் சரக்கு வேறு.

நெல்லியைப் பற்றியும் இத்தகைய சோதனை உண்டு. 35 முதல் 55 வயது வரையுள்ள ஆடவர் 28 நாள் நெல்லி உண்டபோது கொலஸ்டிரால் குறைந்ததாகவும், மிகுகொலஸ்டிரால் உடையோர்க்கு அதனை நிறுத்திய இரு வாரத்தில் மீண்டும் உயர்ந்ததாகவும் 1988இல் வெளியான ஆய்வு கூறுகிறது. சிறிய ஆய்வாயினும், தொடர்ந்த உணவுமுறையின் இடத்தை இது நினைவூட்டுகிறது. 'பத்தியம்' என்னும் சொல் வழி என்னும் பொருளுடைய வடசொல்லடியாகப் பிறந்தது. ஆங்கிலத்தின் 'டயட்' வாழும் முறை என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லின் வழிவந்தது. இரண்டுமே தொடர்ந்து நடக்கும் நெறியைச் சுட்டுகின்றன.

7. புளி என்னும் பொதுப்பெயர்

இதுவரை கூறிய வேறுபாடுகள் அனைத்தும் 'புளி' என்னும் சொல்லில் கூர்மை பெறுகின்றன. தமிழகத்தில் புளி என்றால் ஒன்றே. கேரளத்தில் அதனை 'வாளன்புளி' என அடையிட்டுக் கூறுவர். மீன் குழம்பிலிடும் 'குடம்புளி'யும், பச்சையாகக் கொத்துக்கொத்தாய்க் காய்க்கும் 'இரும்பன்புளி'யும் உடன் வழங்குவதே காரணம்.

குடம்புளி வான் ரீடின் நூலில் 'கொத்தம்புளி' என்பதுபோல் எழுதப்பட்டுள்ளது. லின்னேயசு அதற்குப் பெயரிட்டபோது, கம்போடியப் பகுதியிலிருந்து வந்த மஞ்சள் நிறப் பிசினோடு அதனை இணைத்துவிட்டார். அதனால் அதன் அறிவியற் பெயர் இன்றும் தான் தராத பிசினைச் சுட்டி நிற்கிறது. ஈழத்தில் அதனைக் கொறுக்காய்ப்புளி என்பர். தமிழகத்தில் ஒலியால் நெருங்கிய கொடுக்காப்புளி சுருள் வடிவக் காயுடைய வேறொரு மரம். குடம்புளியிலுள்ள ஐதராக்சிசிட்ரிக் அமிலம் 1965இல் அடையாளம் காணப்பட்டது. அது எடையைக் குறைக்கும் என்னும் கூற்றை 135 பேரிடம் நடந்து 1998இல் வெளியான சோதனை உறுதி செய்யவில்லை.

இரும்பன்புளியின் வரலாறு இவற்றினும் கவலை தருவது. தென்கிழக்காசியாவிலிருந்து வந்த இம்மரத்துக்கு 'பிலிம்பி' என்னும் மலாய்வழிப் பெயரும் உண்டு. தாவரவியற்படி இதன் கனி பெர்ரி வகையைச் சேர்ந்தது. கேரளத்தில் கறியிலும் ஊறுகாயிலும் சிறிதளவு சேர்க்கப்பட்ட இக்காய், கொலஸ்டிராலைக் குறைக்கும் என்னும் நம்பிக்கையால் செறிந்த சாறாகப் பருகப்படலாயிற்று. இதில் ஆக்சாலிக் அமிலம் மிகுதி. கேரளத்தின் ஐந்து மருத்துவமனைகளில் இச்சாறு பருகியதால் சிறுநீரகம் திடீரெனச் செயலிழந்த 10 நோயாளிகளைப் பற்றிய அறிக்கை 2013இல் இந்தியச் சிறுநீரகவியல் இதழில் வெளியானது. அவர்களுள் எழுவருக்குக் குருதிச் சுத்திகரிப்பு தேவைப்பட்டது. அனைவரும் பின்னர் நலமடைந்தனர்.

இச்செய்தியைத் தமிழில் பெயர்ப்பவர் எந்தச் சொல்லை ஆள்வது? 'புளிச்சாறு' என்றால் நாள்தோறும் சமையலில் பயன்படும் புளி தீங்கானது என்றாகும். தமிழகத்தில் வழங்கும் 'புளிச்சக்காய்' என்னும் பெயரை எழுதினால், சிலர் புளிச்சக்கீரையோடு மயங்குவர். 'பிலிம்பி' என்றால் ஈழத்தவர் உடனே உணர்வர். தமிழக வாசகர் பலர் உணரார். எதிர்நிலையும் உண்டு. இரும்பன்புளி கொழுப்பைக் குறைக்கும் என்னும் மலையாளக் குறிப்பு, அடைமொழி நீங்கித் தமிழுக்கு வந்தால், எச்சரிக்கை வராமல் நம்பிக்கை மட்டும் வந்து சேரும். உண்ணும் அளவையும் வடிவையும் கூறாத பெயர்ப்பும் இத்தகையதே. கறியில் இடும் காய்க்கும் பிழிந்து பருகும் சாற்றுக்கும் பெயர் ஒன்றே; உடலில் அவை செய்வது ஒன்றன்று.

திருக்குறளின் மருந்து அதிகாரம் பெரும்பகுதி அளவறிந்து உண்பதைப் பற்றியே பேசுகிறது என்பது இவ்விடத்தில் எண்ணத்தக்கது.

8. முடிவுரை

மேற்கண்டவற்றால் பெறப்படுவனவற்றைப் பின்வருமாறு தொகுத்துக் கூறலாம்.

தமிழ்–மலையாளக் கனிப் பெயர்களின் ஒலி வேறுபாடுகள் ஒழுங்குடையன. அவற்றை விதிகளாகத் தொகுத்து மொழிபெயர்ப்பாளர்க்கு வழங்க இயலும். ஒலி ஒத்துப் பொருள் பிரிந்த பெயர்களுக்குத் தனி அகராதி தேவை. அதில் வழங்கும் வட்டாரமும் தாவரத்தின் அறிவியற் பெயரும் தமிழெழுத்தில் இடம்பெறல் வேண்டும். புளி, நெல்லி போன்ற இனப்பெயர்களை அடைமொழியின்றி ஆளுதல் கூடாது. பழைய நூலின் நோய்ப்பெயரை இன்றைய நோயோடு இணைக்கும்போது, அது மொழிபெயர்ப்பாளரின் பொருள்கோள் என்பது வாசகர்க்குத் தெளிவாதல் வேண்டும். காய், பழம், சாறு, பொடி என்னும் வடிவமும் அளவும் பெயரின் பகுதியாகவே கருதப்பட வேண்டும்.

திருவனந்தபுரத்தின் சித்திரைத் திருநாள் மருத்துவ அறிவியல் நிறுவனம் இதய நோய்ச் சிகிச்சையில் புகழ்பெற்றது. கன்னியாகுமரி, திருநெல்வேலி மாவட்டங்களின் தமிழருக்கு அது எட்டும் தொலைவில் உள்ளது. எல்லைக்கு அப்பால் சென்று சிகிச்சை பெறும் ஒருவர் கையில் ஏந்தி வரும் உணவுக் குறிப்பில் உள்ள ஒவ்வொரு பெயரும் இரு மொழிகளுக்கு இடையே நிற்கும் பெயராகும். கலம் என்னும் சொல்லில் நேர்ந்த மயக்கத்தை ஆயிரம் ஆண்டுகளுக்குப் பின்னும் அறிஞர் அமர்ந்து ஆராய முடிகிறது. புளி என்னும் சொல்லில் நேரும் மயக்கத்துக்கு அவ்வளவு கால இடைவெளி கிடைப்பதில்லை. ஆதலின் இப்பெயர்களைத் தொகுத்து ஒழுங்குபடுத்தும் பணியை இரு மாநில மொழியியலாளரும் மருத்துவரும் இணைந்து மேற்கொள்ளுதல் இன்றியமையாதது எனலாம்.